வெறும் விரல்

“ஒரே ஒரு வெரலு. க்ளவுஸக் கழட்டிட்டு லைட்டா ஒரு தேய். யாருக்குத் தெரியப்போவுது?”

“கேமரா இருக்குல்லா, யக்கா.”

“அது தீபாவளியிலருந்து தூங்கினு கீது. நீ மொதல்ல முழிச்சுக்கோ.”

ரத்னா நகர்ந்துவிட்டாள். மாடத்தி கார் பம்பரோடு தனியாக நின்றாள்.

இருவரும் தின்னர் மேசைப் பெண்கள். பெயிண்ட் ஒட்டவேண்டுமானால் பிளாஸ்டிக் பம்பரில் பிசுக்கு இருக்கக்கூடாது. துணியைத் தின்னரில் நனைத்துத் துடைப்பார்கள். ஷிப்ட் முடிந்து பென்னலூர் அறையில் படுத்தாலும் அந்த வாடை மாடத்தியின் தலைக்குள்ளேயே இருக்கும்.

இன்று அந்த வேலைக்கு ஒரு மெஷின் வந்திருந்தது. அதன் முனையில் ஊதா நிறத்தில் சின்னச் சுடர் ஒன்று சீறியது. பிளாஸ்மா என்றார் என்ஜினியர் சிவசங்கர். காற்றும் மின்சாரமும் போதும், இனி ஒரு சொட்டு தின்னர் வேண்டாம் என்றார்.

தின்னர் வேண்டாமென்றால் மேசை வேண்டாம். மேசை வேண்டாமென்றால் அவர்களும்.

சுடர் பட்ட பம்பரின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார்கள். பரவினால் மெஷின் பாஸ். முத்தாகத் திரண்டு நின்றால், வந்த லாரியிலேயே திரும்பிப் போகும். திரள வைக்க வெறும் விரல் போதும், தோலில் இருக்கும் எண்ணெயே கெடுத்துவிடும்.

அதனால்தான் இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர்களுக்குக் கையுறை கொடுத்திருந்தார்கள்.

மாடத்தி பம்பரைச் சோதனை மேசைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். தூணுக்குப் பின்னால் யாரும் பார்க்காத ஒரு கணம் கிடைத்தது.

பல்லால் கையுறையை இழுத்தாள். சரியாக நடுவில், விரலை அழுத்தித் தேய்த்தாள்.

சிவசங்கர் சொட்டை விட்டார். அதே இடத்தில்.

அது உருண்டையாக நின்றது.

மாடத்தி வெறும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

பிறகு அது அசைந்தது. மெல்ல, கண்ணாடிபோல, தட்டையாகப் பரவியது.

எல்லாரும் கைதட்டினார்கள்.

மாடத்தி விரலைத் திருப்பிப் பார்த்தாள். வெளிறி, வழவழவென்று இருந்தது. கேட்டில் இருக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின் தினமும் அதை ஏற்க மறுக்கும். செக்யூரிட்டி சலித்துக்கொண்டே அவள் பெயரை எழுதிக்கொள்வார். தின்னர் அந்த விரலில் ரேகையையும் விட்டுவைக்கவில்லை, பிசுக்கையும் விட்டுவைக்கவில்லை.

ரத்னா கிட்டே வந்தாள். கண் கலங்கியிருந்தது.

“என் கையப் புடிச்சினு சொல்லுடி. தொட்டியா?”