பேரவை நேரலை

லுத்தரன் திருச்சபையின் தேசியப் பேரவை தொடங்கியதிலிருந்து போதகரின் மனைவி கைபேசியும் கையுமாகத்தான் இருந்தாள்.

“அப்பா பேசுறார், வாடி,” என்று மகளைக் கூப்பிட்டாள்.

திரையில் போதகர் உருகிக்கொண்டிருந்தார். “ஊழியம் ஊழியம்னு குடும்பத்தை மறந்துடுறோம். போதகர்கள் தினமும் வீட்டாரோட உட்கார்ந்து பேசணும்.”

அதுவே தீர்மானமாக ஒருமனதாக நிறைவேறியது.

“என் வேலை விஷயத்தைக் கேட்டியாம்மா? இன்னைக்குப் பதில் சொல்லியாகணும்.”

“பேரவை முடியட்டும்னார். போன் பண்ணினாலும் எடுக்கலை.”

அம்மா சற்று யோசித்தாள். பிறகு நேரலையின் கீழே தட்டினாள்: ‘போதகர் ஐயா, உங்க பொண்ணு வெளியூர் வேலையில சேரலாமா? இப்படிக்கு, வீட்டார்.’

கருத்துகளை வாசித்துக்கொண்டே வந்த பேராயர் அதையும் உரக்கப் படித்துவிட்டார். திரையில் இருந்த போதகர் சட்டென்று எழுந்து மறைந்தார்.

மறுநொடி பக்கத்து அறைக் கதவு படாரென்று திறந்தது.

“ஊரே கேட்க மானத்தை வாங்கிட்டியே! இங்கதானே இருக்கேன், கதவைத் தட்டிக் கேட்டா என்ன?” என்றார் போதகர்.

அம்மா கதவைக் காட்டினாள். அவர் கையெழுத்திலேயே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘இணையவழிப் பேரவை நடக்கிறது. யாரும் தட்டக் கூடாது.’