தம்பி உடையான்

"என் அண்ணனுக்குப் போய் மட்ட மருந்தா?" என்று கடையே அதிரக் கத்தினான் நோயாளியின் தம்பி.

"ரெண்டும் ஒரே மருந்துதான் சார், பேருதான் வேற. விலை குறைச்சல்னாலும் கேன்சருக்கு அதே மாதிரி கேக்கும். இன்னிக்கே தரேன். நீங்க கேக்கற கம்பெனியோடது வர நாலு மாசமாகும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஆகட்டும், காத்திருக்கேன். அண்ணன் உடம்புல கண்டதும் போகக் கூடாது."

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று சும்மாவா சொன்னார்கள்? கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவன் மறந்துவிட்டுப் போன மருந்துச் சீட்டோடு பின்னாலேயே ஓடினார். வாசலில் அவன் மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"அண்ணன் வீடு நமக்குத்தான், கவலையே படாதே. மருந்து வர நாலு மாசமாகுமாம். மருந்து இல்லாம அண்ணன் மூணு தாண்ட மாட்டார்னு டாக்டரே சொல்லியிருக்காரே!"