வா

"வா," என்றாள் அவள்.

அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பதினான்கு மணி நேர வலி. ஜன்னலுக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிரசவ மேசையில் சட்சுகி கண்ணை மூடிக் கிடந்தாள். கருவியில் குழந்தையின் துடிப்பு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் அரை மணியில் வராவிட்டால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கல்யாணமாகி மூன்று வருடம். இசக்கிமுத்து என்ற அவன் பெயரைத் தவிர வேறு தமிழ்ச்சொல் எதுவும் அவள் நாவில் ஏறியதில்லை. அப்பேர்ப்பட்டவள் இந்த நேரத்தில் வயிற்றுப் பிள்ளையைத் தமிழில் கூப்பிடுகிறாள்!

பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் இருந்தது அவனுக்கு. அவனும் சேர்ந்துகொண்டான்.

"வா! ஏ ராசா, வாலே! வா!"

ஜப்பானிலும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற வழக்கம் உண்டு. சட்சுகி டோக்கியோவிலிருந்து வடகோடியில் இருக்கும் ட்சுகாரு சீமைக்கு முன்பே வந்துவிட்டாள். அவன் வந்து ஒன்பது நாள்தான். டோக்கியோ பேச்சில் சண்டை போடும் அளவுக்குத் தேறியவன், இந்த ஊர்ப் பேச்சைக் கேட்டு முழி பிதுங்கினான். முதல் நாள் காலை மாமனார் "தோசா?" என்றபோது நாக்கில் எச்சில் ஊறியது. எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டாராம்.

வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும், அதனால்தான் சொல்லையெல்லாம் நறுக்கிவிட்டோம் என்று அவர்களே கேலியாகச் சொல்லிக்கொண்டார்கள். ‘கே’ என்றால் சாப்பிடு. ‘கு’ என்றால் சாப்பிடுகிறேன். ‘மே’ என்றால் ருசி. ஒரு விருந்தே மூன்று எழுத்தில் முடிந்துவிடுகிறது. தீ, பூ, கை என்று ஓரெழுத்தில் சொல் வைத்திருக்கும் பெருமை தமிழுக்கு மட்டுமே என்று பள்ளியில் ஒப்பித்தவன் அவன்.

சாப்பாட்டுச் சொற்களோடு அவன் படிப்பு நின்றிருந்தது.

"வா… மாய்னே," என்றாள் சட்சுகி. குரல் தேய்ந்திருந்தது.

"வா! வா!" என்றான் அவன், இன்னும் சத்தமாக.

மருத்துவச்சி நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஊர்க்காரி. அவனுக்குப் புரியட்டும் என்று டோக்கியோ பேச்சில் அவள் சொன்னது, அவன் காதில் சொந்த ஊரான தென்காசிப் பேச்சாகவே விழுந்தது.

"பெறப்போறது அவ. நீ எதுக்குய்யா ‘நான், நான்’னு கத்துத?"

‘வா’ என்றால் அங்கே ‘நான்’.

‘மாய்னே’ என்றால் முடியாது.

அசடு வழிந்த முகம் அடுத்த நொடியே வெளிறியது. என்னால் முடியாது, என்னால் முடியாது என்று ஒருத்தி எத்தனை நேரமாகக் கெஞ்சியிருக்கிறாள். இந்த மடையன் பக்கத்தில் நின்று கும்மாளம் போட்டிருக்கிறான்.

ஒரே ஓர் எழுத்து. அவளுக்கு அது அவளே. அவனுக்கு அது வரப்போகிற பிள்ளை.

குனிந்து அவள் காதில் சொன்னான். எங்கள் ஊரில் வாசலில் நிற்கிறவரை ‘வா’ என்றுதான் உள்ளே அழைப்போம். நீ பிள்ளையை அழைக்கிறாய் என்று நினைத்துவிட்டேன்.

சட்சுகி கண்ணைத் திறந்தாள். சிரித்தாளா முனகினாளா தெரியவில்லை. அவன் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அவன் விரல் நொறுங்கும்போல் இருந்தது.

மருத்துவச்சிக்கும் அது கேட்டிருந்தது. "வா!" என்றாள், கதவைத் திறந்துவிடுகிறவள் மாதிரி. நர்ஸும் "வா!" என்றாள். சட்சுகி பல்லைக் கடித்து முக்கினாள்.

தலை வந்தது.

தோள் வந்தது.

ராசா இல்லை, ராசாத்தி. இத்தனை சின்ன விரல்களுக்கு இத்தனை சின்ன நகங்களை யார் உட்கார்ந்து வைத்தது என்று அவன் மலைத்துப்போய்ப் பார்த்தான்.

ஆனால் குழந்தை அழவில்லை. நீலம் பாய்ந்து கிடந்தது.

மருத்துவச்சி துண்டால் முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். மறுபடி தேய்த்தாள். கும்பிட்ட சாமிகளின் பெயர் ஒன்றுகூட அவனுக்கு நினைவு வரவில்லை.

சட்சுகி கையை நீட்டினாள். எட்டவில்லை.

"வா," என்றாள்.

எந்த ஊர்ச் சொல் அது என்று அவனுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

குழந்தை வீறிட்டது.