இடது பக்கத் தேய்மானம்

"இடது பக்கம் மட்டும்தானே போயிருக்கு? அப்புறம் எதுக்கு ரெண்டு பக்கமும் மாத்தணும்?"

மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். தன்னை யாரும் ஏமாற்றிவிட முடியாது என்பதில் அவளுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

தூக்கி நிறுத்தியிருந்த காருக்கு அடியிலிருந்து மெக்கானிக் வெளியே வந்தார்.

"ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னு போட்டா வண்டி நேரா போகாதும்மா. ஒரு பக்கமா இழுக்கும். லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட், டை ராடு எண்டுன்னு சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற பாகம் எல்லாமே ஜோடியாத்தான் மாத்தணும்."

"வலது பக்கம் நல்லாத்தானே இருக்கு?"

"அது இன்னும் ஒரு வருஷம் தாங்கும். இது தாங்குமான்னு நீங்களே சொல்லுங்க."

இடது சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தார். விழப்போகிற பால் பல்லைப் போல ஆடியது.

"சரி, ரெண்டு பக்கமும் மாத்திடுங்க."

மெக்கானிக் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"ஆனா ஒண்ணும்மா. நல்ல ரோட்டுல ஓடுற வண்டிக்கு ஒரு பக்கம் மட்டும் இப்படித் தேயாது. இடது சக்கரம் சதா ரோட்டை விட்டு இறங்கி மண்ணுலயே ஓடியிருக்கு. கல்லு, பள்ளம் ஒண்ணு விடல. யாரு ஓட்டுறது?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா மெல்லக் கையைத் தூக்கினார். பக்கத்தில் அம்மா தையல் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

ஆறு மாதமாக அக்கம்பக்கத்தில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குச் சக்கரமே சாட்சி சொல்லிவிட்டது. மகள் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை தடவை கேட்டேன்? ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சமாளிச்சீங்களே! ரோடு எங்க முடியுது, மண்ணு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலையாப்பா உங்களுக்கு?"

"கண்ணு கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு, பாப்பா."

"இதை இப்பச் சொல்றீங்களே! அம்மாவை வேற பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு... ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

அவளுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். இருப்பது ஒரே அப்பா, ஒரே அம்மா. இரண்டு பேரும் ஒரே வண்டியில் போகிறார்கள்.

"சாவியைக் கொடுங்க. இனிமே நீங்க ஓட்ட வேண்டாம். அம்மாவைத் தையல் வகுப்புக்கு நான் கொண்டுவிடறேன்."

அப்பா நாற்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் முதல் குளியலே அந்தக் காருக்குத்தான். சண்டைக்கு வருவார் என்று மகள் எதிர்பார்த்தாள். அவரோ சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, வேட்டியில் ஒருமுறை துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். செகண்ட் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதட்டாம போடு."

சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை. "என்னதான் கழட்டுறாங்கன்னு பார்த்துட்டு வரேன்" என்று எழுந்து காரின் பக்கம் போய்விட்டார்.

அம்மா மகளின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"சாவியை அவர்கிட்டயே கொடுத்துடு."

"என்னம்மா பேசற? கண்ணு தெரியாதவர்கிட்டயா?"

"அவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல. நேத்துகூட எனக்கு ஊசியில நூல் கோத்துக் கொடுத்தது அவர்தான்."

"அப்புறம் எதுக்கு மண்ணுல இறங்கி ஓட்டுறார்?"

அம்மா காரின் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அப்பா குனிந்து சக்கரத்தோடு ஐக்கியமாகியிருந்தார்.

"எதிர்ல வண்டி வந்தாலே எனக்குக் கையும் காலும் நடுங்குதுடி. கண்ணை இறுக்கி மூடிக்குவேன். அதான், தூரத்துல ஒரு வண்டி தெரிஞ்சாலே அவர் ஓரமா இறங்கிடுவார்."

"இது எப்பலேர்ந்து? என்கிட்ட ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

அம்மா அவள் கையைச் சாவியோடு சேர்த்துப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு வருஷம் முன்ன, நீ என்னைப் பக்கத்துல உட்கார வச்சு ஓட்டிட்டு வந்து வேன் மேல மோதினியே, அன்னிலேர்ந்து. 'பாப்பாவுக்குத் தெரிஞ்சா அப்புறம் அவ ஸ்டீயரிங்கையே தொட மாட்டா, நீ மூச்சு விடாதே'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார் உங்கப்பா."