வால் ஆடாத மீன்

ஒன்பதாவது ரப்பர் மீனையும் அவள் திருப்பி வைத்தாள்.

தூண்டில் கடைக்காரருக்கு மணிக்கட்டு விண்விண்ணென்று வலித்தது. ஒவ்வொரு மீனையும் முள்ளில் கோத்து, கடை நடுவிலிருந்த நீளக் கண்ணாடித் தொட்டியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் காட்டியவர் அவர்தானே. சட்டைக் கை முழங்கைவரை ஈரம். மேசைக்கடியில் சாப்பாட்டு டப்பா ஆறிக்கொண்டிருந்தது.

வந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அப்பா ஏரியில் பெரிய பாஸ் மீன் பிடிக்கப் போகிறார்; தூண்டிலில் இரையாக மாட்ட இருப்பதிலேயே பெரிய ரப்பர் மீன் வேண்டும், துடுப்பு மாதிரி வால் வைத்தது.

கேட்டதும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாள் முழுக்கப் புழு வாங்க வருகிறவர்களோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன மனுஷன். சாண் நீள ரப்பர் மீனைக் கேட்டு ஒருத்தி வந்தால் விடுவாரா?

பெரிய மீன் சின்ன இரைக்கெல்லாம் அலையாது, ஒரே வாயில் அதற்கு வயிறு நிறைய வேண்டும் என்றார். உடம்பு மெத்தென்று இருக்க வேண்டும். மெதுவாக இழுத்தாலும் வால் நுனியிலிருக்கும் அகலத் தட்டு இடமும் வலமும் அடிக்க வேண்டும். நிறம் அந்த ஏரிப் பொடிமீனின் நிறமாக இருக்க வேண்டும். தனக்குத் தெரிந்த அத்தனையையும் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தார்.

அவள் பொறுமையாகத் தலையாட்டினாள். பிறகு கேட்டாள்.

"இதுல மீன் மாட்டுமா?"

"கண்டிப்பா மாட்டும்மா!"

உடனே கீழே வைத்துவிட்டாள்.

முதல் தடவை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது தடவை, தன் பேச்சில்தான் ஏதோ குறை என்று நினைத்தார். ஐந்தாவது மீனுக்குச் சத்தியமே செய்தார். ஏழாவது மீன், பச்சை முதுகும் வெள்ளை வயிறுமாக, தொட்டியில் அசல் மீனாகவே நீந்தியது. அதற்கும் அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

சுவரைக் காட்டினார். இரண்டு கையாலும் மீனைத் தூக்கிப் பிடித்துப் பல் தெரியச் சிரிக்கும் வாடிக்கையாளர்களின் படங்கள். அந்தச் சுவர்தான் அவருடைய கௌரவம். இருபது வருஷத்தில் தப்பான சாமானோடு ஒருவரைக்கூட அவர் வெளியே அனுப்பியதில்லை. அவள் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகம் வாடியது.

அவருக்குத் தலை சுற்றியது. இந்த நேரத்தில் ஒரு கல்யாணத்தையே பேசி முடித்திருக்கலாம்.

அப்போதுதான் அவள் முன்பக்கக் கண்ணாடி அலமாரிக்குள் கையை விட்டு, வருஷக்கணக்காக வெயிலில் காய்ந்துகொண்டிருந்த, பார்வைக்கு வைத்த மீனை எடுத்தாள். ஏழாவது மீனின் அதே பச்சை முதுகு. அதே நீளம்.

"அது வேண்டாம்மா. மூணு வருஷமாக் காஞ்சு கட்டையாப் போச்சு. வாலே ஆடாது. எந்த மீனும் திரும்பிக்கூடப் பாக்காது."

அவள் முகம் முதல்முறையாக மலர்ந்தது. அதையே கட்டித் தரச் சொன்னாள்.

கடைக்காரருக்குக் கோபம் வந்தது. ஒரு மணி நேரமாகச் செவிடன் காதில் ஊதிய சங்கா? இவளுக்குத்தான் விவரம் போதவில்லை என்றால், பாவம், அந்தப் பெரியவர் என்ன தப்பு செய்தார்?

பொட்டலம் கட்டுகிற சாக்கில் குனிந்தார். காய்ந்ததை இழுப்பறைக்குள் தள்ளினார். ஏழாவது மீனைக் காகிதத்தில் சுருட்டி, நாலு மடிப்பு மடித்து, ஒட்டிக் கொடுத்தார். பெரியவரின் படமும் ஒருநாள் இந்தச் சுவருக்கு வரும், அப்போது தெரியும் இவளுக்கு. அந்த நினைப்பிலேயே அவருக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"ரொம்பப் படுத்திட்டேன், கோவிச்சுக்காதீங்கண்ணா. ஆறு மாசம் முன்னாடி ஒரு பெரிய மீன் மாட்டி, அத இழுக்கிறப்பவே அப்பாவுக்கு நெஞ்ச அடைச்சுக் கரையிலயே விழுந்துட்டாரு. இன்னொரு தடவை அப்படி ஆனா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஏரிக்குப் போகாதீங்கன்னு சொன்னா, சாப்பிடாம சுவத்தப் பாத்துப் படுத்துக்கிறாரு." கையிலிருந்த பொட்டலத்தைத் தட்டிக்கொண்டாள். "பெரிசா இருந்தாப் போதும், அவரு நம்பிடுவாரு. நாளைக்குக் காலைல போறாரு. போகட்டும், ஆசை தீர உக்காரட்டும். மீன் மட்டும் மாட்டக் கூடாது."

கதவு மணி அடித்து ஓய்ந்தது.

கடைக்காரர் சுவரைப் பார்த்தார். படங்களில் எல்லோரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இழுப்பறையைத் திறந்தார். காய்ந்த மீனைப் பிடுங்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினார். கடை திறந்தே கிடந்தது. பஸ் வந்து நின்றிருந்தது. அவள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள்.

எட்டி அவள் பையைப் பிடித்துக்கொண்டார். அவள் மிரண்டுபோய்த் திரும்பினாள். அவருக்கு மூச்சு இரைத்தது. வால் ஆடாத மீனை அவளிடம் நீட்டினார்.

"பொட்டலத்தக் குடும்மா," என்றார் கடைசியில். "தப்பா, நல்லத வெச்சுக் கட்டிட்டேன்."