மத்தத் திறப்பு

"மத்தத் திறப்ப அழிச்சி உடுங்க காக்கா. இந்த ஒண்டுக்கு மட்டும் கார் ஸ்டார்ட் ஆகினாப் போதும்."

ஸிராஜ் இப்பிடிச் சொன்ன உடன எனக்குப் பத்திக்கிட்டு வந்திச்சி.

கல்முனையில கார்த் திறப்பு, அதான் சாவி, திருத்துற வேலை செய்யிறவன் நான். திறப்புக்குள்ள சின்னதா ஒரு சிப் இரிக்கி. கார் அத அடையாளம் கண்டாத்தான் எஞ்சின் உசும்பும். அவன் கொண்டு வந்த திறப்புல சிப் கழண்டு ஆடிக்கிட்டு இருந்திச்சி. அதால கார் நேரத்துக்கு ஒரு குணம். ஒட்டிக் குடுத்தன். மெசினக் கொழுவிப் பாத்தா, காருல ரெண்டு திறப்பு பதிஞ்சி இரிக்கி. அப்பதான் இந்தக் கதை.

அது நளீம் ஓடித் திரிஞ்ச கார். நளீம் கண்ண மூடி, மௌத்தாகி நாப்பதாம் நாள் கத்தம் கூட இன்னும் ஓதல்ல. பொண்டாட்டி நஸ்லா புருசன இழந்த இத்தாவுல, வீட்ட உட்டு வெளிய வரக்கூடாது. அவட தம்பிதான் இந்த ஸிராஜ்.

"மத்தத் திறப்பு ஆருக்கிட்ட?"

"குடும்பக் கதை காக்கா, கேக்காதீங்க. வெளிய கதைக்க வேணாமெண்டு ராத்தா சொல்லிட்டா."

"கார் நஸ்லாட பேருல. அவ வந்து சொல்லட்டும்."

"இத்தாவுல இரிக்கிறவ எப்பிடிக் கடைக்கு வாற? போன் எடுத்துத் தாறன், கதைங்க."

"போன்ல எந்தப் பொம்புளையும் கதைக்கலாம். நாலு மாசம் பத்து நாள் பொறுக்க ஏலாதா உனக்கு? மையத்து அடக்கின மண் காயல்ல, அதுக்குள்ள ராத்தாட காருல கண்ணா?"

அவன்ட முகம் செத்துப் போச்சி.

"கார வாடகை ஹயருக்கு ஓடித்தான் ராத்தாவும் ரெண்டு புள்ளயும் சாப்புடணும் காக்கா."

"ஓடு. ஆரு வேணாமெண்ட? மத்தத் திறப்ப ஏன் அழிக்கிற?"

"நாளைக்கு மட்டக்களப்புல செஞ்சிக்கிறன்" எண்டு போயிட்டான்.

எனக்கு மனம் ஆறல்ல. அநியாயத்தக் கண்டா வாயப் பொத்திக்கிட்டு இரிக்க ஏலாத பொறவி நான். நளீம்ட கூடப்பொறந்த மூத்த காக்கா அப்துல் ஹமீட் ஹாஜியார் பள்ளிவாசல் நிருவாகத்துல மரைக்கார், ஊருக்கே நீதி சொல்லுற மனிசன். போன எடுத்து, நாளைக்கு மட்டக்களப்பு எண்டது வரைக்கும் ஒண்டு விடாமச் சொன்னன்.

ஹாஜியார் எல்லாத்தையும் கேட்டிட்டுச் சொன்னார்.

"நல்ல நேரத்துல சொன்னீங்க தம்பி. அல்லாஹ் உங்களுக்கு றஹ்மத் செய்யட்டும். நான் பாத்துக்கிறன்."

அண்டைக்குப் பகல் சோறு ருசியா இறங்கிச்சி. வாப்பா இல்லாத யத்தீம் புள்ளையள்ட சொத்தக் காப்பாத்தின நிம்மதி. என்ட பொண்டாட்டி சுபைறாட்டயும் பெருமையாச் சொன்னன். "அந்த நஸ்லாப் புள்ளயோட போன்ல ஒரு வார்த்த கதைச்சிரிக்கலாமே" எண்டா. இவக்கு என்ன தெரியும் எண்டு நினைச்சன்.

அடுத்த நாள் காலையில கடை திறக்கக்குள்ள அதே கார் வந்து நிண்டிச்சி. ஸிராஜுக்கு புத்தி வந்திட்டு போல எண்டு எழும்பினன்.

இறங்கினது ஹாஜியார்.

"ஸுபஹுத் தொழுகைக்கு அவன் பள்ளிவாசல்ல நிக்கிற நேரம் பாத்து எடுத்துக்கிட்டு வந்திட்டன்" எண்டார். "தம்பி ஆசுபத்திரியில கிடக்கக்குள்ளயே ஒரு திறப்ப எடுத்து வச்சிருந்தன். பேரு ஆர்ட இருந்தா என்ன, எங்கட குடும்பத்துக் கார்தானே. நீங்க சொல்லாட்டி கை உட்டுப் போயிரிக்கும். இப்ப அவங்கட திறப்ப அழிச்சி உடுங்க."

நான் மெசினத் தொடல்ல.

"அது அவங்கட சோறு ஹாஜியார். குடுத்திடுங்க."

"உங்களுக்கு ஏன் குடும்பக் கதை?" எண்டு சிரிச்சிக்கிட்டே கார எடுத்துக்கிட்டுப் போயிட்டார். நான் பாத்துக்கிட்டு நிண்டன். என்ட வாயால வந்த வினை.

உடனே ஸிராஜுக்கு போன் எடுத்தன்.

"நேத்தே ஏன்டா இத எனக்கிட்டச் சொல்லல்ல?"

அந்தப் பக்கம் அவன் சொன்னான்.

"சொந்தக் காக்காவக் கள்ளன் எண்டு ஊர் பேசினா உன்ட மச்சான் கபுறுக் குழியில நிம்மதியா இரிக்க மாட்டார், கார் போனாலும் போகட்டும், ஹாஜியார்ட மானத்த வாங்கிடாத எண்டு ராத்தா அழுதா காக்கா."