மகாராணிக்குப் பணிவிடை

“இன்னும் ஒரே ஒரு வாய், அம்மா. என் கண்ணில்ல?” என்று கெஞ்சியபடி நர்ஸ் சூப்பை ஊட்டினாள். ஊட்டியதெல்லாம் மறுநொடியே வாந்தியாக அவள் கையில் விழுந்தது.

வாசலில் நின்ற நர்ஸின் அண்ணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஒரு காலத்தில் நாடே நடுங்கிய மகாராணி, முதுகெல்லாம் புண்ணாகி, மூத்திர வாடைக்கு நடுவில் எச்சில் ஒழுகக் கிடந்தாள். ஆட்சி கவிழ்ந்த பிறகு சொந்தம் என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

“உள்ள வாங்க அண்ணி.”

“வரமாட்டேன். வேற யாரும் தொடமாட்டேன்னுட்டாங்களாம், நீயாப் போய்க் கேட்டு வாங்கிக்கிட்டியாமே இந்த வேலையை?”

“ஆமா.”

காவலுக்கு இருந்த போலீஸ்காரர் குறுக்கிட்டார். “என்ன இருந்தாலும் இந்த ஆஸ்பத்திரியே அவங்க கட்டினதுதாம்மா. பாலம், ரோடுன்னு நல்லதும் பண்ணியிருக்காங்க.”

அண்ணி அவர் பக்கம் திரும்பினாள். “அந்த ரோட்டு வழியாத்தான் என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போனாங்க. இவளைத் திட்டி ஒரு நோட்டீஸ் அச்சடிச்சாரு, அவ்வளவுதான். அரண்மனைக்குப் போனவரும் வரல, கூட்டிட்டுப் போன சிப்பாய்ங்களும் அதுக்கப்புறம் யார் கண்ணுலயும் படல.”

போலீஸ்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நர்ஸ் கை கழுவிவிட்டு வந்து, புண்ணில் ஒட்டியிருந்த துணியை நனைத்து நனைத்துப் பிரித்தாள். சீழ் நாற்றத்தில் அண்ணி ஓரடி பின்வாங்கினாள்.

மகாராணி எதையோ முனகினாள். நர்ஸ் அவசரமாகக் குனிந்து, எச்சில் வழியும் அந்த வாயருகே காதை வைத்தாள். சற்றுப் பொறுத்து, முகம் வாட நிமிர்ந்தாள்.

அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கூடப் பிறந்தவனைக் கொன்னவளுக்குப் பீ அள்ளிப் போடுறியே, உனக்கு அருவருப்பா இல்ல?”

“இருக்கு அண்ணி. வீட்டுக்குப் போனா சோறு இறங்க மாட்டேங்குது. கையை எப்படித் தேய்ச்சுக் கழுவினாலும் நாறுது.”

“அப்புறம் என்னடி? பேசாம விட்டுட்டு வா. கிடந்து சாகட்டும்.”

நர்ஸ் மறுபடியும் ஸ்பூனை எடுத்தாள்.

“செத்துட்டா, அண்ணனை எங்க புதைச்சாங்கன்னு யாரைக் கேக்கறது?”